ஏழாவது டேப்

மலபோன்,
மார்ச் 24, 1988

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருக்கிறாயா? இங்கே நானும் உன் மகளும் சுகம். கூரையும் சுகம், போன புயலுக்குப் பறந்த இரண்டு தகடுகளை மாற்றிவிட்டேன்.

நம் சோப் கம்பெனி அணி கூடைப்பந்து இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. இந்த ஒரு வரிக்காகத்தான் உறையைக் கிழித்திருப்பாய் என்று தெரியும். எதிராளி பூண்டோக் சிமெண்ட், வேறு யார். ஏழு ஆட்டம், முதலில் நாலு ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. தெருவில் இப்போதே இரண்டு கட்சி. மீன் விற்கிற கூனிங், சிமெண்ட் வீட்டாருக்கு இறால் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "நேத்து ஜெயிச்ச திமிர்ல வந்து நிக்காதீங்க, போய் செங்கல்லைக் கடிச்சுத் தின்னுங்க" என்று நேற்று ஒருவரைத் திருப்பி அனுப்பினாள்.

நம் ஆட்டக்காரர் அபுயென்னுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. முழங்காலில் சுற்றியிருக்கும் துணி ஆட்டத்துக்கு ஆட்டம் தடிமனாகிறது. இந்தக் கோப்பைதான் கடைசி என்று பேப்பரில் சொல்லியிருக்கிறார். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தெருக்கோடி விளக்குக் கம்பத்தில் சைக்கிள் சக்கரத்தின் வளையத்தைக் கட்டி ஆடுவோமே, அப்போது நீ "நான்தான் அபுயென்" என்று சொல்ல முடியவில்லை, அவரும் அப்போது சின்னப் பிள்ளை. நமக்குத் தெரிந்து ஆட வந்து, நம் கண்முன்னே கிழவராகிவிட்டார்.

தெருமுனையில் வீடியோ கேசட் கடை வைத்திருக்கும் கிரிசாந்தோ, எல்லா ஆட்டத்தையும் உங்கள் அறைக்காகப் பதிவு செய்து, லீவு முடிந்து சவூதி திரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சிமெண்ட் கட்சி ஆள்தான். ஆனாலும் நல்ல மனிதர்.

ரோசலி என் தோளுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மா அம்பாரோ போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது, நீ சவூதி போயும் அவ்வளவுதான். இந்த லீவுக்காவது வருவாயா என்று கேட்டாள். நீயே பதில் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே.

உன் தங்கை,
பெலிசா

*

தம்மாம்,
ஏப்ரல் 3, 1988

அன்புள்ள பெலிசா,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். ரோசலிக்கு முத்தம் கொடு. வெயில் இன்னும் முழுசாக ஏறவில்லை, இரும்புக் குழாயைக் கையுறை இல்லாமல் தொட முடிகிறது.

நீ எழுதிய முதல் வரியை அறையில் சத்தமாகப் படித்தேன். ஆறு பேரில் நாலு பேர் சோப், இரண்டு பேர் சிமெண்ட். என் மேல்கட்டில் பெர்னி சிமெண்ட். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்போது ஒரு சேதி சொல்கிறேன், கோபப்படாதே. போன வருஷம் பெர்னியின் மனைவி கடிதத்தின் முதல் வரியிலேயே கோப்பை யாருக்கு என்று எழுதிவிட்டாள். அந்தப் பாவி அதை வாசித்துவிட்டு முகத்தை மறைக்கத் தெரியாமல் எங்கள் முன்னால் உட்கார்ந்தான். டேப் வருவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் அவனோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. அதனால் இந்த வருஷம் அறையில் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். இறுதிச் சுற்றின் கடைசி டேப் ஓடி முடியும் வரை ஊரிலிருந்து வரும் கடிதம் எதையும் பிரிக்கக் கூடாது. எல்லாம் பெரியவர் வென்செஸ்லாவின் பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். டப்பாவுக்குப் பூட்டு கிடையாது, அவரவர் மானம்தான் பூட்டு.

ஆகவே என் கடிதம் உனக்கு வரும், உன் கேள்விகளுக்குப் பதில் வராது. நீ எழுதுவதை நிறுத்தாதே. எல்லாவற்றையும் சேர்த்துப் பிறகு படிப்பேன். உயிர் போகிற விஷயமென்றால் மட்டும் தந்தி.

லீவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த வருஷம் வேலை அதிகம். பார்க்கலாம்.

கிரிசாந்தோவுக்கு என் நன்றியைச் சொல். சிமெண்ட் ஆளாக இருந்தாலும் டேப்பில் நம் ஆட்கள் போடும் கூடையை வெட்டிவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

அன்புடன் அண்ணன்,
நெமேசியோ

*

மலபோன்,
ஏப்ரல் 11, 1988

அன்புள்ள அண்ணா,

உன் பதில் இன்னும் வரவில்லை. நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம். ரோசலிக்குத்தான் சின்னம்மை. பள்ளியிலிருந்து கொண்டுவந்துவிட்டாள். முகமெல்லாம் கொப்புளம், காய்ச்சல் விட்டுவிட்டது. இரவில் தூக்கத்தில் சொறிகிறாள் என்று கையில் காலுறையை மாட்டிவிட்டிருக்கிறேன். பயப்படாதே.

முதல் ஆட்டம் நமக்கு. சிமெண்டின் காதிண்டிக் கூடைக்கடியில் மரம் மாதிரி நின்றார், அவரைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியவில்லை. அபுயென் உள்ளே போகவே இல்லை. தூரத்தில் நின்று எறிந்து எறிந்து ஜெயித்தார். இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றோம். கடைசி ஃபவுலை நடுவர் நம் மேல் தூக்கிப் போட்டதும் மேல் வரிசையிலிருந்து சில்லறை மழை. பத்து நிமிஷம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காசு பொறுக்கினார்கள்.

இனி என் விஷயம். இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன்.

கிரிசாந்தோ என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். ஒரு வருஷமாகவே கேட்கிறார், நான்தான் சிரித்துச் சிரித்துத் தள்ளிவிட்டேன். இப்போது அவருடைய அக்கா தெற்கே, கடல் தாண்டித் தாவாவில் ஒரு கடை பிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஜூன் முடிவில் அங்கே போகிறார். "நீ வந்தா கடை. நீ வரலேன்னா அது வெறும் அறை, நாலு சுவரு" என்றார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு முப்பத்தேழு ஆகிறது அண்ணா. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டார் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வருகிறார்கள். வழக்கப்படி பெரிய நாற்காலியில் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். அவரைத்தான் கேட்பார்கள், அவர்தான் கொடுக்க வேண்டும். அப்பா இல்லை, இனி அந்த நாற்காலி உன்னுடையது. நீ வர முடியாவிட்டால் உனக்குப் பதிலாக யார் உட்காரலாம் என்று எழுது.

அதைவிடப் பெரிய கேள்வி ரோசலி. அவளை நான் தாவாவுக்குக் கூட்டிப்போகிறேன், கிரிசாந்தோவுக்கு முழுச் சம்மதம். அல்லது நீ வீட்டுக்கு வா. இரண்டில் ஒன்றைச் சொல், நீ எதைச் சொன்னாலும் நான் சண்டை போட மாட்டேன். இதைத் தந்தியில் கேட்க முடியாது. தந்தி என்றாலே உனக்கு நெஞ்சு நின்றுவிடும், அம்பாரோவுக்கு அப்புறம் எனக்கும் அப்படித்தான்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
பெலிசா

*

மலபோன்,
ஏப்ரல் 19, 1988

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? உன் டப்பாச் சட்டம் வந்து சேர்ந்தது. வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் ரோசலிக்குக் கஞ்சி வைத்தேன். என் வாழ்க்கையை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். உன் அறைக்காரர்களுக்கு என் வாழ்த்துக்களைச் சொல்.

போகட்டும். முதல் நாலு டேப்பும் கும்பாஸ் வீட்டுப் பையன் கையில் வருகின்றன. மிச்சமும் அடுத்த வாரமே கிளம்பினால் மே மாதத்தில் டப்பா திறந்துவிடும். ஜூன் ஐந்துக்குள் உன் பதில் எனக்கு வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டம் சிமெண்டுக்கு. அதைப் பற்றிப் பேசக்கூட விருப்பமில்லை. நாலாவதில் காதிண்டிக்கின் முழங்கை பட்டு அபுயென்னின் உதடு கிழிந்தது. வெளியே போய்த் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் முதலில் காதிண்டிக்கிடம் போனார். அடிக்கத்தான் போகிறார் என்று தெருவே டிவி முன்னால் எழுந்து நின்றது. அவர் கையைக் கொடுத்துவிட்டு, போய் பத்தொன்பது பாயிண்ட் போட்டார். ஆளுக்கு இரண்டு.

கிரிசாந்தோ கடை வாசலில் டிவியை வைத்திருந்தார். நான் கைதட்டியபோது, "உங்க ஆளு கிழவன் இல்லை, பேய்" என்றார். சிமெண்ட்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தால் கோப்பை வந்த மாதிரி.

நேற்றுக் கடல் ஏறித் தெருவில் கணுக்கால் தண்ணீர். பிள்ளைகள் அதற்குள்ளேயே பந்து ஆடினார்கள். தண்ணீரில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாதே, நாமும் தூக்கித் தூக்கித்தானே போடுவோம். "பெலிசா, பார்க்காம போடு" என்று நீ கத்துவாய். நான் பார்க்காமல் போட்டால் பந்து எங்கே போனாலும் நீ அங்கே இருப்பாய்.

உடம்பு பத்திரம்.

உன் தங்கை,
பெலிசா

*

மலபோன்,
ஏப்ரல் 26, 1988

அண்ணா,

சுகம், உன் சுகமறிய ஆவல். நேரமில்லை, பள்ளி திறப்பதற்குள் தைத்து முடிக்க வேண்டிய சீருடைகள் கட்டுக்கட்டாக மேஜையில் கிடக்கின்றன.

ஐந்தாவது ஆட்டத்தை ஒரே ஒரு ஃப்ரீ த்ரோவில் விட்டோம். அபுயென்தான் தவறவிட்டார். அவர் அந்தக் கோட்டில் நின்று தவறவிட்டு நான் பார்த்ததில்லை. ஆறாவதில் பாதி ஆட்டத்தில் பதினேழு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கூனிங் டிவியை அணைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தாள். ரோசலி போய் மறுபடி போட்டாள். கடைசி நிமிஷத்தில் எட்டிப் பிடித்து ஜெயித்தோம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, சைகையில்தான் துணி அளவு கேட்கிறேன்.

ஆளுக்கு மூன்று. வியாழக்கிழமை ஏழாவது. கிரிசாந்தோ கூபாவ் அரங்கத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறார், மேல் வரிசை. அப்பா நம்மைக் கூட்டிப்போகும் அதே உயரம்.

நாற்காலியை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பெலிசா

*

தம்மாம்,
மே 4, 1988

அன்புள்ள பெலிசா,

நீயும் ரோசலியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் முதுகு வலி, மற்றபடி குறையில்லை.

கும்பாஸ் பையன் வந்தான். நாலு டேப்பையும் ஒரே வெள்ளிக்கிழமையில் பார்த்தோம். மற்ற அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்து கட்டிலுக்குக் கட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். பெர்னியை மட்டும் கதவுப் பக்கம் உட்காரவைத்தோம். அவன் டிவியை நேராகப் பார்த்தால் சிமெண்ட் ஜெயிக்கிறதாம், அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதில் பார்த்தான். "இடது கையால ஆடுறானுங்களேடா எல்லாரும்" என்று புலம்பினான். அபுயென் தையலோடு திரும்பி வந்தபோது வென்செஸ்லாவ் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவூதிக்கு வந்து பதினோரு வருஷத்தில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அப்பா டிக்கெட் இரண்டுதான் எடுப்பார். ஆள் மூன்று. ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பாகத்துக்கும் ஒருவர் என்று படிக்கட்டில் போய் உட்கார வேண்டும். உன் முறை வரும்போதெல்லாம் உனக்குத் தலைவலி வந்துவிடும். நான்தான் உனக்கும் சேர்த்துப் படிக்கட்டில் இருந்தேன். அங்கே ஆட்டம் தெரியாது, கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்கும். சத்தத்தை வைத்தே யார் போட்டது என்று சொல்லிவிடுவேன். அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன. அரங்கத்தை விட்டு வெளியே வந்தால் அவித்த வேர்க்கடலை வாசனை அடிக்குமே, அதை நினைத்தால் இங்கே சோறு இறங்குவதில்லை.

உன் கடிதங்கள் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. மூன்று சேர்ந்திருக்கிறது. மிச்ச டேப்புகளும் ஓடட்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ரோசலியைச் சொறிய விடாதே. முகத்தில் தழும்பு விழுந்தால் போகாது. கொய்யா இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் துடைத்துவிடு, அம்பாரோ அப்படித்தான் செய்வாள்.

அன்புடன் அண்ணன்,
நெமேசியோ

*

மலபோன்,
மே 17, 1988

அண்ணா,

நாங்கள் நலம். ரோசலியின் சின்னம்மை ஆறிப்போய் வெகு நாளாகிறது. தழும்பு ஒன்றே ஒன்று, புருவத்துக்கு மேலே. அவளுக்கு அம்மை வந்ததை நான் எழுதியது ஒரே ஒரு கடிதத்தில். நான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதும் அதே கடிதத்தில். நீ டப்பாவில் பத்திரமாக இருக்கிறது என்கிறாயே, அந்தக் கடிதத்தில்.

வாசித்துவிட்டாய். மகளுக்குக் கொய்யா இலை வரைக்கும் எழுதத் தோன்றியது. எனக்கு ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை. வேண்டாம் என்றுகூட எழுதியிருக்கலாம் அண்ணா, நான் தாங்கியிருப்பேன். ஒன்றுமே தெரியாதவன் மாதிரி வேர்க்கடலை வாசனையைப் பற்றி எழுதினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து வருஷம் உன் பிள்ளையை வளர்த்தேன், ஒரு நாளும் அதைச் சுமை என்று நினைத்ததில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லும் அளவுக்காவது நான் உனக்கு ஆள் இல்லையா?

கிரிசாந்தோவிடம் காட்டினேன். "பாவம், உங்கண்ணனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை போல" என்றார். உன்னைவிட அவர் உனக்கு நல்லவர்.

ஏழாவது ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அரங்கத்துக்கு வெளியே கூட்டம் பாலம் வரை நின்றது. உள்ளே சோப் ஒரு பக்கம், சிமெண்ட் எதிர்ப் பக்கம். கிரிசாந்தோ என் பக்கம் வந்து எதிரிகள் நடுவே உட்கார்ந்தார். கூட்டம் அவருடைய சட்டைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டது, அப்படியும் எழுந்து போகவில்லை. ஆட்டம் முழுக்க ஐந்து பாயிண்டுக்கு மேல் யாரும் முன்னால் போகவில்லை. நாலாவது கால் பாகத்தில் அபுயென்னின் முழங்கால் போய்விட்டது. இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். கூட்டமே எழுந்து நின்றது, சிமெண்ட் பக்கமும் நின்றது. மூன்று நிமிஷம் பாக்கி இருக்கும்போது திரும்பி நொண்டிக்கொண்டு வந்தார். எட்டு நொடி மிச்சம். ஒரு பாயிண்ட் நாம் பின்னால். பந்து அவர் கையில். காதிண்டிக் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே.

இதற்கு மேல் எழுத மாட்டேன். ஐந்தாவதும் ஆறாவதும் ஆளிடம் கொடுத்தாகிவிட்டது. ஏழாவது டேப் என் துணி அலமாரியில் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் வந்து பார்.

ஜூன் ஐந்தாம் தேதி அவர்கள் வருகிறார்கள். நாற்காலியில் யாராவது உட்காரத்தான் போகிறார்கள்.

பெலிசா

*

தம்மாம்,
மே 29, 1988

அன்புள்ள பெலிசா,

உன் கோபத்தோடு நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஐந்தும் ஆறும் பார்த்தோம். ஏழாவது வரவில்லை என்று அறையில் கலவரம். "உன் தங்கச்சிகிட்ட என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று பெர்னி தினமும் கேட்கிறான். வழியில் தொலைந்திருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உனக்கு எழுத நாலு முறை உட்கார்ந்தேன். முதல் வரி வருகிறது, இரண்டாவது வரி வரவில்லை.

அம்பாரோவும் சிமெண்ட் கட்சிதானே. அந்த அரங்கத்தில் அவள் நடுவர் மேல் எறிந்த சில்லறை என் நெற்றியில் பட்டது. ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பயந்து கீழே இறங்கி ஓடிவந்தாள். "குறி தப்பிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றாள். அவளுக்கு எப்போதும் குறி தப்பும், சோற்றுப் பானையை அடுப்பில் வைக்கும்போதுகூட ஓரமாகத்தான் வைப்பாள். கிரிசாந்தோ சிமெண்ட் ஆள் என்பதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை, அது உனக்கே தெரியும்.

அந்த வீட்டுப் படி ஏறினால் சமையல்கட்டில் அவள் இல்லை என்று இன்னொரு தடவை தெரிய வேண்டும். இங்கே இருந்தால் அவள் அங்கே இருக்கிற மாதிரியே நாள் ஓடுகிறது. நீ ரோசலியோடு அந்த வீட்டில் விளக்கு ஏற்றுகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். நீயும் போய்விட்டால் நினைக்க ஒரு வீடு இருக்காது. ரோசலி எழுதுகிற நாலு வரியில் என்னை "நீங்கள்" என்கிறாள், நியாயம்தான். அவளுக்கு என் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்கவே பயம்.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், பெலிசா. கிறிஸ்துமஸ் வரைக்கும்.

அண்ணன்,
நெமேசியோ

*

மலபோன்,
ஜூன் 6, 1988

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

நீங்கள் நலமா? நான் நலம். அத்தையும் நலம், ஆனால் நேற்றிலிருந்து காரணமில்லாமல் அழுகிறாள், காரணமில்லாமல் சிரிக்கிறாள். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. அதனால் நேற்று நடந்ததை நான் எழுதுகிறேன்.

கிரிசாந்தோ மாமா வீட்டார் பதினொரு பேர் வந்தார்கள். முழுப் பன்றி ஒன்றைச் சுட்டு எடுத்து வந்தார்கள், நூடுல்ஸ் ஒரு பெரிய தட்டு, அரிசிக் கேக். மாமாவின் அம்மா உட்கார்ந்து, "இந்த வீட்டுப் பெரியவர் யாரு? யாரைக் கேக்கணும் நாங்க?" என்று கேட்டார். அத்தை துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். நாற்காலி காலியாகவே இருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். எனக்கு அத்தையைப் பார்க்க என்னவோ போல் இருந்தது, அதனால் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். கால் தரையில் எட்டவில்லை.

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் அம்மா எழுந்து நின்று என்னிடம், "அம்மா, எங்க மகனுக்கு உங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம்" என்றார். நான் மாமாவிடம், "அத்தை சோப் கட்சி. மாறச் சொல்வீங்களா?" என்று கேட்டேன். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றார். "அத்தைக்கு முதுகு வலிக்கும், தையல் மெஷினை யாரு தூக்குவா?" என்று கேட்டேன். தான் தூக்குவதாகச் சொன்னார். அப்புறம் எனக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. கொடுத்துவிட்டேன்.

இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி கல்யாணம். என்னையும் தாவாவுக்கு வா என்கிறார்கள். நான் போகவில்லை. எதிர் வீட்டுக் கூனிங் அக்காவோடு சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டு, பகலில் நம் வீட்டைத் திறந்து பெருக்கி வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். அத்தை நிறையத் திட்டினாள். ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதால் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பா வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது.

ஏழாவது ஆட்டத்தின் முடிவை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அத்தை சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் சொல்லவில்லை. கிரிசாந்தோ மாமா அன்றைக்கு ராத்திரி வாயெல்லாம் பல்லாக வந்து, கூட வந்த அத்தை திரும்பிப் பார்த்தபோதெல்லாம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்தார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
ரோசலி

*

தம்மாம்,
ஜூன் 20, 1988

மலபோன் வீட்டுப் பெரியவர் ரோசலி அவர்களுக்கு,

தாங்கள் நலம் என்று அறிந்து நிம்மதி. நான் நலமாக இருக்க முயற்சி செய்கிறேன். தாங்கள் சொன்னபடி தண்ணீர் குடிக்கிறேன்.

ஏழாவது டேப் இனி வராது என்று டப்பாவைத் திறந்துவிட்டோம், தங்கள் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கிரிசாந்தோ வாயெல்லாம் பல்லாக வந்தார் என்ற இடத்தில் பெர்னி கட்டிலிலிருந்து குதித்து ஆடினான், மற்றவர்கள் அவன் மேல் தலையணைகளை எறிந்தார்கள். அதற்கு அடுத்ததாகத் தாங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. வென்செஸ்லாவ் பெரியவர் வாங்கி வாசித்தார்.

அத்தையைத் தாங்கள் கொடுத்தது சரி. நான் செய்ய வேண்டியதைத் தாங்கள் செய்தீர்கள், கால் எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து செய்தீர்கள். கல்யாணத்துக்கு என்னால் வந்து சேர முடியாது, அதற்காகத் தங்கள் அத்தையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தாவாவுக்குப் போய்க் கேட்பேன். இங்கே வேலையை விட்டுவிட்டேன். ஜூலை பதினாறு சனிக்கிழமை மதியம் விமானம் மணிலாவில் இறங்குகிறது.

இப்போது என் வேண்டுகோள். வழக்கப்படி பெரியவரிடம்தான் கேட்க வேண்டும், வெறுங்கையோடு வரக் கூடாது என்பதும் தெரியும். பேரீச்சம்பழம் இரண்டு பெட்டி கொண்டுவருகிறேன். முழுப் பன்றியை இங்கிருந்து கொண்டுவர முடியாது, மலபோனில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன்.

நான் நாற்பத்தொரு வயது ஆள். எனக்கு மனைவி இல்லை. ஒரு மகள் இருக்கிறாள், அவள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை. குழாய் ஒட்டத் தெரியும், கஞ்சி வைக்கத் தெரியும், மற்றதைக் கற்றுக்கொள்வேன். என்னை அந்த வீட்டுக்குள் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வருகிறேன்.

கதவைத் திறந்து வைக்க வேண்டாம். பூட்டிக்கொண்டு உள்ளே இருங்கள், நான் வந்து தட்டுகிறேன். யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் எதிர் வீட்டுக் கூனிங்கின் திண்ணையில் உட்கார்ந்திருந்து மறுநாள் மறுபடி தட்டுவேன்.

பணிவுடன்,
நெமேசியோ